முறை சொல்லிக் கூப்பிடும்

மடத்துக்கு வந்த முதல் நாளே தாணுமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது.

குரு என்று காட்டப்பட்டவர் ஒரு பெண். பெயர் கோமதி அம்மை. தாணுமூர்த்திக்கு ஐம்பத்தெட்டு வயது, அம்மைக்கு அதில் இருபது குறைவு. முப்பது வருஷம் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு நாட்டாமையாக இருந்தவர் தாணுமூர்த்தி. எதிரே நிற்கிறவனைப் பேசவிடாமலே தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய். ஆனால் மலையடிவாரத்தில் வேறு மடம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார்.

"எனக்குத் தீட்சை வேணும்."

"குடுக்கலாம். இங்கே ஒரு வழக்கம் உண்டு. காவி கட்டுற அன்னைக்கு உறவுக்காரங்க ஒருத்தர் வந்து, 'எங்க ஆளை விட்டுக்குடுத்தோம்'னு எல்லார் முன்னாலயும் சொல்லணும். உமக்கு யாரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்லை. பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. தம்பிகளோட பேச்சு இல்லை. மகன் எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாது. எல்லாத்தையும் அறுத்துப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

 அம்மை அவரை மடத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், எருக்கு மண்டிக் கிடந்த நிலத்தைக் காட்டினார்.

"இதுல ஒரு நந்தவனம் போடும். வருஷம் பூரா சாமிக்குப் பூ இருக்கணும்."

"என்ன செடி வைக்க?"

"எனக்கென்ன தெரியும்? தோட்டம் வச்சிருக்கிறவங்க வீட்டுக்கெல்லாம் போய்ப் பாரும். கேட்டு வாங்கிட்டு வந்து நடும்."

உறவுக்குப் பதிலாகத் தோட்டம் என்று தாணுமூர்த்தி எடுத்துக்கொண்டார். மனுஷரோடு மல்லுக்கட்டுவதற்கு மண்ணைக் கொத்துவது மேல் என்று நினைத்தார். யார் வீட்டு வாசலில் போய் நிற்கப்போகிறோம் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

சித்திரையில் வண்டிப்பட்டறை பலவேசம் வீட்டுக்குப் போனார். கொல்லை முழுக்க மல்லிகை பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பலவேசம் மறுபேச்சு இல்லாமல் நாலு பதியனைப் பெயர்த்து, வாழைமட்டையில் கட்டிக் கொடுத்தான்.

"நல்லா வச்சுக்கோங்க சம்மந்தி."

தாணுமூர்த்திக்குக் காது சுட்டது. அந்த ஊரில் அப்படி ஒரு பழக்கம். செடி கொடுத்தவரும் வாங்கினவரும் அன்றிலிருந்து சம்பந்தி. பெண்ணைக் கட்டிக் கொடுத்த மாதிரிதான் கணக்கு. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும், 'பிள்ளையைப் பார்க்க வந்தேன்' என்று வாங்கினவர் தோட்டத்துக்குள் வரலாம்.

மடத்துக்கு வந்ததும் பதியன்களைத் தரையில் போட்டார்.

"நேத்து வரைக்கும் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு என் முன்னால நின்ன பய! இன்னைக்கு என்னைச் சம்மந்திங்கான்!"

"மல்லி எப்படி இருந்துது?" என்றார் அம்மை.

"கொள்ளைப் பூ."

"ஆடியில மறுபடி போய்ப் பாரும்."

"அதான் ஒரு தடவை பார்த்தாச்சே!"

"ஒரு தடவைதானே பார்த்திருக்கீர்?"

ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்த ஒரு நாளில் போனார். மடத்து மல்லிகை காற்றில் கருகிக் கிடந்தது, பலவேசத்துடையது பச்சையாக நின்றது. மேற்கு ஓரத்தில் வரிசையாக அரளி காற்றைத் தடுத்துக்கொண்டு நின்றது. சித்திரையிலும் அந்த அரளி அங்கேதான் இருந்தது. அப்போது அதை ஒரு செடியாகவே அவர் மதிக்கவில்லை. தன் மேலேயே எரிச்சல் வந்தது. அதையும் பலவேசத்தின் மேல் காட்டிவிட்டு, மடத்தில் ஊன்றுவதற்கு அரளிப் போத்து நாலைந்து ஒடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் மாடத்தியின் குடிசை. ஊருக்குத் துணி வெளுக்கிறவள். துணி காயப்போடும் கயிற்றுக்குப் பின்னால் அடுக்கு நந்தியாவட்டை ஒன்று ஆளுயரத்துக்கு நின்றது. அந்தக் காற்றிலும் உடம்பெல்லாம் வெள்ளைப் பூ. தாணுமூர்த்தி தன்னை அறியாமல் நின்றுவிட்டார்.

"வாங்க சம்மந்தி!"

"நான் இன்னும் ஒண்ணும் வாங்கலை."

"வாங்கத்தானே நிக்கீக?"

சிரித்துக்கொண்டே அரிவாளை எடுத்தாள். நல்ல முற்றிய போத்தாகப் பார்த்து வெட்டி, நுனி இலையைக் கிள்ளிவிட்டு நீட்டினாள். அவர் கை வைத்ததும் உடனே விடவில்லை.

"எட்டு வருஷத்துக்கு முந்தி எம் புருஷனை ஊரை விட்டுப் போகச் சொன்னீகளே, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறார்.

"அவரு ஒரு வார்த்தை பேசணும்னாரு. நீங்க விடலை. போனவரு திரும்பி வரலை." கையை எடுத்தாள். "சரி, போத்து வாடிரும். சீக்கிரம் கொண்டுபோய் ஊனுங்க."

அன்று அம்மையிடம் அவர் இரைந்த இரைச்சலில் மடத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன.

"குடுக்கிறதையும் குடுத்துட்டு, குத்தியும் காட்டுறா! ஒரு வண்ணாத்தி!"

"போத்தை ஊனிட்டீரா?"

"இன்னும் இல்லை."

"வாடிரும்."



ஐப்பசியில் அடைமழை பிடித்தது. அம்மை அனுப்பினார் என்று மறுபடி மாடத்தியிடம் போனார். மல்லிகையையும் பிச்சியையும் அவள் மேட்டுப்பாத்தியில் வைத்திருந்தாள், தண்ணீர் சுற்றிக்கொண்டு ஓடியது. ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துவிட்டு வந்து, அதேபோல மண்ணை அணைத்தார். மடத்தில் ஒரு செடிகூட அழுகவில்லை. அந்த மாதக் கடைசியில் ஆற்றில் வெள்ளம் வந்தது. மாடத்தியின் தோட்டம் வேரோடு போய்விட்டது என்று சொன்னார்கள். தாணுமூர்த்தி போகவில்லை. இனிமேல் அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

மார்கழியில் இன்னொரு வீட்டில் செவ்வந்தி வாங்கினார். அங்கேயும் சம்மந்திதான்.

தை பிறந்தபோது நந்தவனம் நிறைந்துவிட்டது. ஒன்று ஓயும்போது ஒன்று பூத்தது. அதோடு சம்பந்திமார் வரவும் தொடங்கியது. பலவேசம் ஒரு நாள் படியேறி, "பிள்ளை எப்படி இருக்கு?" என்று மல்லிகையைத் தடவிக் கொடுத்தான். தாணுமூர்த்திக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மறுநாளே கருவேல முள்ளை வெட்டி, மடத்துப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் அடைத்தார். வெளிவாசலுக்கு ஒரு முள்படல். அதை உள்ளேயிருந்து கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். அம்மை பார்த்தார்.

பங்குனியில் ஒரு காலை மாடத்தி வந்தாள். இடுப்பில் ஒரு குடம். செடிக்கு ஊற்றத் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள்.

"பிள்ளையைப் பார்க்க வந்தேன் சம்மந்தி. அந்தச் செடி எங்கிட்ட இப்போ இல்ல. ஆத்தோட போயிட்டு."

"அங்கேயே நில்லு."

"பறிக்க வரலை. பார்த்துட்டுப் போயிருதேன்."

"குடுத்தாச்சுன்னா குடுத்தாச்சு. இதென்ன சந்தையா, வந்து வந்து பார்க்க? யாருக்கு யாருடி சம்மந்தி?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை. ஊர் நடுவில் கத்துகிற அதே குரலில் கத்தித் தீர்த்தார். மாடத்தி முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று, இடைவெளியில் தெரிந்த வெள்ளைப் பூக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குடத்துத் தண்ணீரை வேலியடியில் ஊற்றிவிட்டுப் போனாள்.

சித்திரை முதல் நாள். தாணுமூர்த்தி குளித்து, தலை மழித்து, காவித் துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அம்மை முன் வந்து உட்கார்ந்தார்.

"வருஷம் முடிஞ்சுது. தோட்டம் நிறைஞ்சதுல இருந்து ஒருநாள்கூட சாமிக்குப் பூ தவறலை."

"தவறலை. நல்ல தோட்டம்."

"அப்போ தீட்சை?"

"குடுக்கலாம். உம்மை விட்டுக்குடுக்க யாரு வந்திருக்கா?"

தாணுமூர்த்தி துள்ளி எழுந்தார். மடித்த துணி கீழே விழுந்தது.

"அன்னைக்கே சொன்னேனே, யாரும் இல்லைன்னு! அதுக்குப் பதிலாத்தானே தோட்டம் போடச் சொன்னீக! ஒரு வருஷம் மண் சுமந்திருக்கேன். கண்ட கண்டவன் வீட்டு வாசல்ல எல்லாம் கையேந்தி நின்னிருக்கேன். கடைசியில ஏமாத்துறீகளா?"

"பதில்னு நான் சொல்லலையே."

"பின்னே எதுக்கு என்னை வீடு வீடா அனுப்புனீக?"

அம்மை எழுந்து பின்பக்கம் நடந்தார். அவரும் புகைந்துகொண்டே பின்னால் போனார். அம்மை படலின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தார். படலைப் பெயர்த்து வெளியே எறிந்தார். முள் கிழித்துக் கையில் ரத்தம் வந்தது. அம்மையின் முகத்தில் கோபத்தைத் தாணுமூர்த்தி அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார்.

"காவி கட்ட ஒரே ஒரு உறவு போதும்வே. பங்குனியில ஒருத்தி குடத்தோட வந்தா. போய்க் கூட்டிட்டு வாரும்."

தாணுமூர்த்தி அறுந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். 

"மாடத்தியையா? கூப்பிட்டா அவ வருவாளா?"

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வர மாட்டா," என்றார் அம்மை. "முறை சொல்லிக் கூப்பிடும்."