உண்ணி மருந்தும் எலியின் மூக்கும்

ஒரு காட்டின் ஓரத்தில் ஒரு தொழிற்சாலை இருந்தது. காட்டை ஒட்டித் தொழிற்சாலை கட்டலாமா என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. கேட்க வேண்டியவர்களே கேட்கவில்லை. அங்கிருந்து போன லாரி ஒன்றிலிருந்து ஒரு நீலப் பீப்பாய் உருண்டு காட்டுக்குள் வந்து விழுந்தது.

அதை முதலில் பார்த்தது நரி. பீப்பாயிலிருந்து நீர் கசிந்த இடத்தில் எறும்பும் வண்டும் சுருண்டு கிடந்தன. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள். நரிக்கோ வாயெல்லாம் பல். ஏனென்றால் அந்தக் காட்டின் அரசரான சிங்கத்துக்கு உடம்பெல்லாம் உண்ணி. மந்திரி பதவியும் காலியாக இருந்தது.

"மகாராஜா, இந்த மருந்தைத் தங்கள் குகையில் தெளித்து வாசலை அடைத்துவிட்டால் போதும். உண்ணி பூண்டோடு ஒழிந்துவிடும்" என்றது நரி.

"குகைக்குள் நானும் இருப்பேனே?" என்றது சிங்கம், சொறிந்துகொண்டே.

"இருந்தால்தானே தங்கள் பிடரியில் உள்ள உண்ணி சாகும்!"

சிங்கம் வைத்தியரைப் பார்த்தது. வைத்தியர் ஒரு கரடி. தேனைத் தவிர வேறு எந்த மருந்தும் கொடுத்துப் பழக்கமில்லாதவர். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மூச்சில் போகிற மருந்து. சோதிக்காமல் அரசருக்குத் தரக் கூடாது. முதலில் ஒரு மூக்கு வேண்டும்" என்றார்.

சபையில் எத்தனையோ மூக்குகள் இருந்தன. யானையின் மூக்கு தரையைத் தொட்டுக்கொண்டு இருந்தது. ஆனால் எல்லோருடைய கண்ணும் கீழே போய், எலிகள் நின்ற இடத்தில் நின்றது.

பொடிச்சி என்ற எலியின் அண்ணனை நரி கௌவிப் பிடித்தது. அங்கே கிடந்த ஒரு பொந்துமரத்துக்குள் தள்ளி, மருந்தை ஊற்றி, இரண்டு பக்கமும் களிமண்ணால் அடைத்தது. ஊற்றும்போது தன் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. உள்ளே இருமல் கேட்டது. வரவர அது மெலிந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

பொடிச்சி அழுதது. தாயும் தகப்பனுமாக இருந்து அதை வளர்த்தது அந்த அண்ணன்தான்.

"ஐயோ, செத்துப்போச்சே!" என்றது சிங்கம்.

"பதற வேண்டாம் மகாராஜா. எலியின் நெஞ்சு வேறு, சிங்கத்தின் நெஞ்சு வேறு. இதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது" என்றார் வைத்தியர்.

"அப்படியென்றால்?"

"இன்னொரு எலியை வைத்துப் பார்க்க வேண்டும்."

நரி பொடிச்சியைக் காட்டியது. பொடிச்சியின் வளையில் இன்னும் கண் திறக்காத குட்டிகள் இருந்தன. அது போய்விட்டால் அவையும் போய்விடும். வைத்தியர் பக்கம் திரும்பி அது கேட்டது. "வைத்தியரே, நான் செத்தால் மருந்து கெட்டது என்று ஒப்புக்கொள்வீர்களா?"

"எப்படி ஒப்புக்கொள்ள முடியும்? நீ எலிதானே!"

"பிழைத்துவிட்டால்?"

"மருந்து நல்லது என்று தெளிவாகிவிடும். உனக்கும் மூச்சு, அரசருக்கும் மூச்சு. இதில் பேதம் பார்க்கலாமா?"

"செத்தால் எலி, பிழைத்தால் சிங்கத்துக்குச் சமம். அப்படித்தானே?"

"சோதனை முறையெல்லாம் உன்னைப் போன்றவர்களுக்குப் புரியாது" என்று வைத்தியர் பரிவோடு சொன்னார்.

பொடிச்சி சிங்கத்தை வணங்கியது. "மகாராஜா, குட்டிகளுக்குக் கடைசியாகப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன். நான் பிழைத்தால் இனி எந்த எலியையும் இதற்குப் பிடிக்கக் கூடாது."

"சரி, சரி. பொழுது சாய்வதற்குள் வந்துவிடு" என்றது சிங்கம்.

பின்வாசல் இல்லாத வீட்டில் எலி குடியிருப்பதில்லை. பொந்துமரத்துக்குள் போகத்தான் வேண்டும் என்றால், அதற்கும் ஒரு பின்வாசல் வைத்துவிட்டுத்தான் போவது என்று பொடிச்சி தீர்மானித்தது. அண்ணனுக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லையே என்று நினைத்து நினைத்துத் தோண்டியது. தன் வளையிலிருந்து பொந்துமரத்தின் அடி வரைக்கும் தோண்டி, உளுத்த மரத்தைக் கொறித்து ஓட்டையும் போட்டது. பிறகு மேலெல்லாம் தட்டிக்கொண்டு சபைக்கு வந்தது.

நரி அதைப் பொந்துக்குள் தள்ளியது. மருந்து விழுந்த சத்தம் கேட்டதும் பொடிச்சி ஓட்டைக்குள் பாய்ந்து, பின்னாலேயே மண்ணைத் தள்ளி அடைத்துக்கொண்டது. மேலே எல்லோரும் காத்திருந்தபோது, கீழே அது தன் குட்டிகளை நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

களிமண்ணை உடைக்கும் சத்தம் கேட்டது. பொடிச்சி மண்ணைத் தள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, வெளியே குதித்தது.

"பிழைத்துவிட்டது! பிழைத்துவிட்டது!" என்று நரி கூத்தாடியது.

பொடிச்சி பேசாமல் போயிருக்கலாம். ஆனால் பொய்யான சோதனையை நம்பி யாரும் சாக வேண்டாம் என்று அதற்குத் தோன்றியது. "மகாராஜா, நான் அந்த மருந்தை மூச்சில் வாங்கவே இல்லை. வளை தோண்டித் தப்பித்தேன். பொந்துக்குள் எட்டிப் பாருங்கள், ஓட்டை இருக்கும்."

"சோதிக்கப்பட்டவர்கள் அபிப்பிராயம் சொல்லும் வழக்கம் இல்லை" என்றது நரி.

வைத்தியர் பொந்தின் பக்கம் இரண்டடி வைத்தார். நாற்றம் அடித்தது. உடனே திரும்பிவிட்டார். "பார்க்க என்ன இருக்கிறது? என்ன தெளிவாகப் பேசுகிறது பாருங்கள்! இந்த மருந்து மூளைக்கும் நல்லது போலிருக்கிறது."

"அவ்வளவு நல்ல மருந்தா?" சிங்கத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அப்படியானால் மந்திரியாரே, நீரும் என்னோடு குகைக்குள் வாரும். வைத்தியரே, நீரும்தான்."

மந்திரியாரே என்ற சொல் காதில் விழுந்த பிறகு நரியால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வைத்தியர் தேனை நினைத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். மூவரும் உள்ளே போய் மருந்தைத் தெளித்தார்கள். சிங்கம் யானையிடம், "வாசலைப் பாறையால் அடைத்துவிடு. நான் கர்ஜித்தால்தான் திறக்க வேண்டும்" என்று கட்டளையிட்டது.

பாறை உருண்டு வாசலில் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் உள்ளே இருமல் கேட்டது. பொடிச்சிக்கு அது தெரிந்த இருமல். அண்ணன் இருமிய அதே இருமல். அது யானையின் காலடிக்கு ஓடியது. "யானையண்ணா, திறங்கள்! சாகப் போகிறார்கள்!"

"கர்ஜனை வரவில்லையே. இருமலுக்குத் திறக்கச் சொல்லவில்லை" என்றது யானை.

"இருமுகிறவரால் எப்படிக் கர்ஜிக்க முடியும்?"

யானை யோசித்தது. நல்ல யானைதான், ஆனால் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளும். யோசித்து முடித்துப் பாறையை நகர்த்தியபோது உள்ளே இருமலும் இல்லை.

சிங்கத்தின் பிடரியில் ஓர் உண்ணிகூட உயிரோடு இல்லை. மருந்து சொன்னபடியே வேலை செய்திருந்தது. சிங்கமும் நரியும் கரடியும்கூட உயிரோடு இல்லை.

யானை கலங்கிப்போய்ப் பொடிச்சியிடம் கேட்டது. "அப்படியானால் இந்த மருந்து விஷம்தானா?"

பொடிச்சி அண்ணன் கிடந்த பொந்துமரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. "அவசரப்படாதீர்கள், யானையண்ணா. சிங்கத்தின் நெஞ்சு வேறு, எலியின் நெஞ்சு வேறு. இதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது" என்று சொல்லிவிட்டு, குட்டிகளுக்குப் பால் கொடுக்கப் போனது.

நீதி: பிறர் மூச்சை நிறுத்திய மருந்து தன் மூச்சை விட்டுவைக்கும் என்று நம்புகிறவர், உண்மையைத் தன் கடைசி மூச்சில்தான் தெரிந்துகொள்வார்.