மில்பா ஊரின் பெயரைத் திருடிய மந்திரவாதி

ரொம்பக் காலத்துக்கு முன்னால், பறவைகளுக்குப் பேச்சு வரும், காகிதத்துக்கு மந்திரம் ஏறும் என்று எல்லாரும் நம்பிய காலத்தில், பிரான்சு தேசத்தில் மில்பா என்றொரு ஊர் இருந்தது. கீழே ஓர்வா ஆறு. மேட்டில் ஊர். ஊருக்கும் மேலே காடு. அவ்வளவுதான் அந்த ஊரின் பூகோளம்.

மில்பா என்றால் அந்த ஜனங்களின் மொழியில் ஆயிரம் அடி. ஆதியில் ஊர் ஆற்றங்கரையில்தான் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் ஓர்வா பெருகி வீடுகளை வாரிக்கொண்டு போனது. ஜனங்கள் வயசானவர்களை முதுகிலும் பிள்ளைகளை இடுப்பிலும் தூக்கிக்கொண்டு மேடேறினார்கள். ஆயிரமாவது அடியில் தண்ணீர் நின்றது. அவர்களும் நின்றார்கள். நின்ற இடத்தில் ஊரைக் கட்டினார்கள்.

அந்த ஊரில் எந்தப் பெயரும் சும்மா வந்ததில்லை. ஊர் நடுவே தாய்மார் ஊற்று. மூன்று வருஷம் மழை பொய்த்து, ஆண்பிள்ளைகள் எல்லாம் ராஜாவின் சண்டைக்குப் போயிருந்தபோது, ஊர்த் தாய்மார்கள் கரண்டியாலும் கையாலும் தோண்டிக் கண்ட தண்ணீர் அது. மேலே எல்லோர் காடு. பனியில் வழிதப்பி விறைத்துக் கிடந்த ஒரு ராஜாவை, வீட்டுக்கு ஒரு விறகு கொண்டுவந்து தீ மூட்டிப் பிழைக்க வைத்தார்கள் ஊரார். அவர் கிளம்பும்போது, "இனி இது எல்லோர் காடு. இந்தப் பெயர் இருக்கும் வரைக்கும் இந்தக் காடு உங்கள் எல்லோருக்கும் சொந்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜா வாக்கு. யாரும் மீறவில்லை.

கர்வோன் பிரபு வரும் வரைக்கும்.

கர்வோன் பிரபுவுக்கு ஏழு கோட்டை இருந்தது, எழுபது குதிரை இருந்தது, ஆனாலும் மில்பா காட்டின் மேல் ஒரு கண். பெயர் இருக்கும் வரைக்கும் காடு கைக்கு வராது. அதனால் மோர்பான் என்ற மந்திரவாதியைக் கூட்டிவந்தார். மோர்பான் வரைபடம் வரைகிறவன். அவனிடம் ஒரு இறகுப் பேனா இருந்தது. அந்தப் பேனாவால் வரைபடத்தில் ஒரு புதுப் பெயரை எழுதி, அதை மூன்று முறை தண்டோரா போட்டுவிட்டால் போதும். காதில் கேட்டவர்கள் எல்லாருக்கும் பழைய பெயர் மறந்துவிடும். பெயரோடு அதன் கதையும் மறந்துவிடும்.

ஆற்றோரம் மாவு ஆலை வைத்திருந்தவள் சிதோனி. தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் கல்லைச் சுழற்றும், அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. கோதுமை மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்கிப் போகிறவள். அவள் புருஷன் ஒபேன், மரச்செருப்பு செதுக்குகிறவன், சாது.

ஊரில் தண்டோரா போட்ட ஒருநாள் சாயங்காலம், அது தெரியாமல் ஆலையை நிறுத்திவிட்டு மேடேறி வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, ஒபேனைக் காணோம். காவல் கொட்டடியில் இருக்கிறான் என்று சொன்னார்கள். ஓடினாள்.

"என்ன செய்தாய்?" என்று கம்பிக்கு வெளியே நின்று கேட்டாள்.

"மரம் வெட்டினேன்."

"தினம்தானே வெட்டுகிறாய்?"

"ஆமாம், தினமும் திருடியிருக்கிறேன்," என்றான் ஒபேன், தலையைக் குனிந்துகொண்டு. "அது பிரபுவின் வேட்டைக்காடு. வெட்கமாக இருக்கிறது சிதோனி."

"எல்லோர் காட்டில் மரம் வெட்டினால் திருட்டா?"

அவன் அவளை விழித்துப் பார்த்தான். "அப்படி ஒரு காடு எங்கே இருக்கிறது?"

ரொட்டிக்காரி ஜெர்த்ரூதிடம் போய்க் கேட்டாள். "எல்லோர் காடா? கேள்விப்பட்டதே இல்லையே." பாதிரியாரிடம் கேட்டாள். "எல்லோர் காடா? கேள்விப்பட்டதே இல்லையே." ஊர்த்தலைவரிடம் கேட்டாள். அவரும் அதையேதான் சொன்னார். மூன்று பேரும் அந்தக் காட்டு விறகில் குளிர்காய்ந்து வளர்ந்தவர்கள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? பொருளைத் திருடினால் பறிகொடுத்தவனுக்குக் கோபமாவது மிச்சம் இருக்கும். மோர்பான் அந்தக் கோபத்தையும் சேர்த்தல்லவா திருடிவிட்டான்.

ஒரு மாதம் போனது. சிதோனி ஆலையில் இருந்த இன்னொரு நாள் தண்டோரா போட்டார்கள். தாய்மார் ஊற்று அரண்மனை ஊற்றாகிவிட்டது. ஊற்றைச் சுற்றி வேலி, வேலிக்கு வெளியே ஈட்டிக்காரன். எந்தத் தாய்மார் கையால் தோண்டினார்களோ அவர்கள் பேத்திகள் குடத்தை எடுத்துக்கொண்டு ஆயிரம் அடி கீழே இறங்கி, ஆயிரம் அடி மேலே ஏறினார்கள். "பிரபு கருணை உள்ளவர், ஆற்றையாவது விட்டுவைத்தாரே" என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டபோது சிதோனி பல்லைக் கடித்தாள்.

பிறகு குளிர்காலம் வந்தது. லெயோனார் என்று ஒரு பழைய படைவீரர், ஒற்றைக் கை, தனியாள். காட்டை ஒட்டி இருந்த சரிவில் அவர் குடிசை. வாசலில் இருந்து பார்த்தால் காய்ந்த கிளைகள் கைக்கெட்டும் தூரத்தில் விழுந்து கிடக்கும். பிரபுவின் கிளை என்று அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மூன்றாம் பனி விழுந்த காலையில் சிதோனி அவருக்கு மாவு கொண்டுபோனாள். அடுப்பு சில்லிட்டிருந்தது. அவரும் சில்லிட்டிருந்தார்.

மாவுப் பையை அங்கேயே போட்டுவிட்டு நேராக ஆலைக்கு இறங்கினாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

ஆலை வாய்க்காலின் கம்பித் தடுப்பில் ஒரு சாம்பல் நாரை சிக்கிக் கிடந்தது. தண்ணீர் அதை அழுத்திக்கொண்டிருந்தது. சிதோனி இடுப்பளவு குளிர்ந்த நீரில் இறங்கி, கம்பியை வளைத்து, நாரையை வெளியே எடுத்தாள். அதன் வலது சிறகில் ஓர் இறகு இல்லை.

"நன்றி, ஆலைக்காரி" என்றது நாரை.

அன்றைக்கு இருந்த கோபத்தில் சிதோனிக்கு நாரை பேசுவதுகூட ஆச்சரியமாகப் படவில்லை. "உன் இறகு எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

"மோர்பான் பிடுங்கிக்கொண்டான். அதைத்தான் பேனாவாக வைத்திருக்கிறான். என் குலத்து இறகு எழுதினால் அழியாது. நாளைக்குப் பிரபு தேவாலயத்து முற்றத்தில் மூன்றாவது பெயரை மாற்றப்போகிறார். ஊரின் பெயரை. கர்வோன்வில் என்று வைக்கப்போகிறார். அது நடந்துவிட்டால் வீடுகளைக் கட்டியது யார் என்பதே மறந்துபோகும். நீங்கள் எல்லாரும் அவருடைய பண்ணையாட்கள் ஆகிவிடுவீர்கள்."

"தடுக்க என்ன வழி?"

"என் இறகு பொய்க்குத் துணை போகாது. ஏன் அந்தப் பெயர் என்று மூன்று முறை கேட்டால், பேனாவைப் பிடித்தவன் மூன்றாவது முறை உண்மையைச் சொல்லியாக வேண்டும். உண்மையான காரணம் இல்லாத பெயர் காகிதத்தில் ஒட்டாது. ஆனால் ஒன்று, ஆலைக்காரி. கேட்பதற்கு நீ அங்கே நிற்க வேண்டும். நின்றால் தண்டோரா உன் காதிலும் விழும். ஒவ்வொரு முறையும் உன்னிடம் இருந்தும் ஏதாவது போகும்."

"போகட்டும்" என்றாள் சிதோனி.

மறுநாள் நடுப்பகல். தேவாலயத்து முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. கர்வோன் பிரபு குதிரைமேல். மேசையில் வரைபடத்தை விரித்துவைத்து, பேனாவைக் கையில் பிடித்தபடி மோர்பான். முற்றத்தின் ஓரத்தில் காவல் கொட்டடி. கம்பிக்குப் பின்னால் ஒபேனின் முகம்.

டும் டும் என்று தண்டோரா முழங்கியது. "இன்று முதல் இந்த ஊருக்குக் கர்வோன்வில் என்று பெயர்."

சிதோனியின் தலைக்குள் இருந்த வெள்ளம் வடிந்துபோனது. மேடேறிய ஜனங்கள், முதுகில் இருந்த வயசானவர்கள், எல்லாம் மங்கலாகிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"ஏன் அந்தப் பெயர்?" என்று கேட்டாள்.

மோர்பான் சிரித்தான். "பிரபு பெரியவர் என்பதால்."

"எதில் பெரியவர்? ஒரு கல் எடுத்துவைத்தாரா? ஒரு குடம் தண்ணீர் சுமந்தாரா?"

வரைபடத்தில் மை லேசாக நடுங்கியது. பிரபு கையசைத்தார். இரண்டு காவலர்கள் வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். தினம் நாற்பது மூட்டை தூக்குகிற தோள், அசையவில்லை.

டும் டும். "இன்று முதல் இந்த ஊருக்குக் கர்வோன்வில் என்று பெயர்."

சிதோனி கொட்டடியைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் ஒரு மனிதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தெரிந்த முகம். பிரியமான முகம். அவன் பெயர் என்ன? நாக்கு நுனி வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே புகுந்து எடுத்துவிட்டார்களே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஏன் அந்தப் பெயர்?" என்று மறுபடி கேட்டாள்.

"பிரபு இந்த ஊரைக் காப்பாற்றுகிறார் என்பதால்."

"லெயோனாரைக் காப்பாற்றினாரா? விறகு காட்டில் கிடக்க, அந்த மனிதர் விறைத்துச் செத்தாரே. யாராவது போய்ப் பார்த்தீர்களா?"

மை இன்னும் நடுங்கியது. மோர்பானுக்குச் சிரிப்பு போய்விட்டது. "அவள் வாயைப் பொத்துங்கள்" என்றார் பிரபு. மூன்றாவது காவலன் பின்னாலிருந்து வந்து அவள் வாயை அழுத்திப் பொத்தினான். அவள் அவன் கையைக் கடித்தாள். அவன் விடவில்லை. தண்டோராக்காரன் கோலை ஓங்கினான். இன்னும் ஒரே முறை.

அப்போது ஒரு குரல் கேட்டது.

"கொஞ்சம் நிறுத்துங்கள்."

ரொட்டிக்காரி ஜெர்த்ரூத். கையில் மாவு ஒட்டியிருக்க, பயத்தில் முகம் வெளுத்திருக்க, ஒரு அடி முன்னால் வந்தாள். "எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. இவள் சொல்கிற காடும் தெரியாது, கதையும் தெரியாது. ஆனால் லெயோனாரைத் தெரியும். வாரம் ஒரு ரொட்டி வாங்குவார். இந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்று அவரை ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. இவள் கேட்கிற கேள்வி நியாயமாகப் படுகிறது. ஏன் அந்தப் பெயர்? சொல்லுங்களேன்."

மோர்பான் உதட்டை இறுக்கினான். உதடு தானாகத் திறந்தது. கையிலிருந்த இறகு துடித்தது. அவன் தொண்டையிலிருந்து அவன் விரும்பாத சொற்கள் வந்தன.

"காரணம் ஒன்றும் இல்லை. காடு இவர்களுடையது, ஊற்று இவர்களுடையது, ஊர் இவர்களுடையது. பெயர் இருக்கும் வரைக்கும் பிடுங்க முடியாது. அதனால் பெயரைப் பிடுங்கினோம்."

சொல்லி முடித்த உடனே வரைபடத்திலிருந்த மை இளகியது. முதலில் கர்வோன்வில் வழிந்தது. அப்புறம் அரண்மனை ஊற்று வழிந்தது. அப்புறம் வேட்டைக்காடு வழிந்தது. மேசையிலிருந்து சொட்டி மோர்பானின் காலடியில் கறுப்பாகத் தேங்கியது. அடியில் பழைய எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மில்பா. தாய்மார் ஊற்று. எல்லோர் காடு.

ஜனங்களுக்கு ஞாபகம் வந்தது. வந்த வேகத்தில் சிலர் அழுதார்கள். அப்புறம் அழுகை நின்றது. முந்நூறு பேரும் ஒன்றாகத் திரும்பிக் கர்வோன் பிரபுவைப் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை, கல்லெடுக்கவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். பிரபுவின் குதிரை பின்வாங்கியது. ஈட்டிக்காரர்கள் ஈட்டியைத் தாழ்த்தினார்கள். ராஜா வாக்கை மீறியவன் என்று முந்நூறு வாய் சாட்சி சொன்னால் ஏழு கோட்டையும் போகும் என்று பிரபுவுக்குத் தெரியாதா? மேட்டிலிருந்து இறங்கிய குதிரை ஓர்வாவைத் தாண்டிப் போனது. திரும்பி வரவேயில்லை.

சாம்பல் நாரை தேவாலயத்துக் கூரையிலிருந்து இறங்கி மோர்பானின் கையிலிருந்த இறகைக் கொத்தி எடுத்துக்கொண்டு பறந்தது. ஊர்த்தலைவர் அவனைப் பிடித்துவைத்து, "உன் பெயர் என்ன?" என்று விசாரித்தார். மந்திரவாதி வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். அடுத்தவர் பெயரை அழித்தவனுக்குத் தன் பெயர் தங்கவில்லை. கடைசி வரைக்கும் ஊர் ஊராக அலைந்து, "என்னைத் தெரியுமா, என்னைத் தெரியுமா" என்று கேட்டுக்கொண்டிருந்தான் என்று சொல்வார்கள்.

கொட்டடிக் கதவைத் திறந்தது சிதோனிதான். "ஒபேன்" என்று கூப்பிட்டாள். கூப்பிட முடிந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"திருடன் என்று நானே ஒப்புக்கொண்டேனே" என்றான் அவன்.

"ஒப்புக்கொண்டாய். இனி ஒப்புக்கொள்ளாதே."

ஊரார் அவளைச் சுற்றிக்கொண்டு நன்றி சொன்னார்கள். ஊர்த்தலைவர் அவளுக்கு மாலை போட வேண்டும் என்றார். சிதோனிக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை. "மாலை இருக்கட்டும். லெயோனார் இன்னும் குடிசையில் கிடக்கிறார். முதலில் அவரைத் தூக்குங்கள்" என்றாள்.

தூக்கினார்கள். ஜெர்த்ரூத் முன்னால் நடக்க, முந்நூறு பேர் பின்னால் நடக்க, காட்டை ஒட்டிய சரிவிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அந்தச் சரிவுக்கு அதுவரை பெயர் கிடையாது. அன்றைக்கு லெயோனார் சரிவு என்று பெயர் வைத்தார்கள். என்ன நடந்தது, யார் தப்பு, யார் யார் வாய்மூடி இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். தங்கள் தப்பையும் மறைக்கவில்லை.

திரும்பும் வழியில் ஆளுக்கு ஒரு கட்டு விறகு எடுத்துக்கொண்டார்கள். ஒபேன் இரண்டு கட்டு, சிதோனி மூன்று கட்டு. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டி, வெங்காயச் சூப் காய்ச்சி, காய்ந்த ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டார்கள். சூடு ஏற ஏறச் சிதோனிக்குக் கண் சொருகியது. ஒபேன் எழுந்து போய், தன் கையால் ஒரு விறகைத் தீயில் வைத்தான்.

மில்பாவுக்கு நல்லது நடந்தது. கேட்ட உங்களுக்கும் நடக்கட்டும்.