ஆறேகால் அடிக் கூரையும் மிச்சப் பாதிச் சத்தமும்

கூவலூத்தில் ஜக்கையனிடம் யாரும் மணி சொல்ல மாட்டார்கள். "பத்தரை" என்றால், "பத்தேகாலுக்கு முடிங்க" என்பான்.

பிறவிக் குணம் இல்லை, அடிபட்டுக் கற்றது. பதிமூன்று வயதில் ஏலக்காய்க் கிடங்கில் மூட்டை தூக்கப் போனவனுக்கு உலகம் ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தது: எவனும் முதலில் சொல்கிற எண் பொய். அந்த ஒற்றைப் பாடத்தை வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டவர்களோடெல்லாம் கத்திக் கத்தி, மூட்டையிலிருந்து தள்ளுவண்டிக்கும் தள்ளுவண்டியிலிருந்து சொந்த ஜீப்புக்கும் ஏறிவிட்டான். ஊரே அவனை அறிவாளி என்றது. ஊரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஜீப்புக்குத்தான் சோதனை வந்தது. மலைப் பாதையில் மண் சரிந்து, அதை அள்ளிய பிறகும் சுற்றுலாக்காரர்கள் வரத்து நின்று இரண்டு மாதம். ஜீப் வாசலில் கோழி அடையும் இடமாகிவிட்டது. ஊரில் இன்னொரு ஜீப் வைத்திருந்த தவமணி இரண்டு தடவை வந்து அதைச் சுற்றிப் பார்த்து, டயரைக் காலால் தட்டி, "விக்கிறதா இருந்தா சொல்லுண்ணே" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனான். ஜீப்பை விற்றாலும் விற்பான் ஜக்கையன், அந்தப் பல்லுக்கு விற்க மாட்டான்.

அப்போதுதான் யூனிஸ் மேடம் வந்தார். பாளையங்கோட்டைக்காரர், பறவை ஆராய்ச்சி. இருவாச்சிப் பறவையின் குரலைப் பதிவு செய்ய மூன்று மாதம் தினமும் மலைக்குப் போக வண்டி வேண்டும்.

"யானை நடமாடுற காடு. இந்தத் தார்ப்பாய் ஆகாது, கெட்டியான கூரை போடுங்க. அப்புறம் சத்தம் இருக்கவே கூடாது. என் மைக்ல பறவைதான் கேக்கணும், உங்க வண்டி கேக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில வந்து ஏறிப் பாப்பேன். சரியில்லைன்னா தவமணி வண்டியை எடுத்துக்குவேன். மூணு மாசம், தினம் வாடகை."

"மூணு மாசமா?" ஜக்கையனுக்கு நாக்கு பழக்கத்தில் புரண்டது. "ரெண்டரைக்கு முடிங்க மேடம்."

மேடம் அவனைச் சற்று நேரம், புதிதாகக் கண்டுபிடித்த பறவையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

ஜக்கையனுக்குப் படை உண்டு, மூன்று பேர். மச்சினன் மாயி, எதையும் ஆழமாக யோசிப்பான். ஆழத்திலிருந்து வெறுங்கையோடு வருவான். ஒச்சு, உடம்பில் இரண்டு ஆள். பவுன்ராசு, எட்டாவது வரை படித்தவன். எழுத்து எங்கே இருந்தாலும் சத்தமாக வாசித்துவிடுவான். அர்த்தம் பண்ணிக்கொள்வது அடுத்தவர் வேலை.

நாலு பேரும் தேனிக்குப் போனார்கள். பட்டறைக்காரர் ஃபைபர் ஹார்டு டாப் ஒன்றைக் காட்டினார். உங்கள் ஜீப்புக்கு ஏழடிக் கூரை, பின்னால் கண்ணாடி வைத்தது, இன்ன விலை என்றார்.

"கூரை கேட்டா கோபுரம் கட்டுற விலை சொல்றியேய்யா!" என்று ஜக்கையன் ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் கத்தினான். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு ரோடு வரைக்கும் போய், யாரும் கூப்பிடாததால் தானே திரும்பி வந்தான். பட்டறைக்காரர் கடைசியில் களைத்துப்போய்ச் சொன்னார்:

"அண்ணே, நீங்க கேக்குற விலைக்கு ஆறரை அடிதான் வரும்."

ஏழு ஆறரையானது ஜக்கையன் காதில் தேனாய்ப் பாய்ந்தது. மனுசன் இறங்க ஆரம்பித்துவிட்டான்! இனி விடலாமா?

"ஆறரை கட்டாது. ஆறு!"

"அது நீளம்ண்ணே."

"எதுவா இருந்தா எனக்கென்ன? ஆறு!"

"உங்க வண்டி ஏழடிண்ணே."

"என் வண்டியைப் பத்தி எனக்குச் சொல்றியா? சரிப்பா, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஆறேகால்!"

சின்ன வண்டிக்குச் செய்து யாரும் வாங்காத கூரை ஒன்று பட்டறை மூலையில் கிடந்தது. பட்டறைக்காரர் அதன் தூசியைக்கூடத் தட்டாமல் தூக்கிக் கொடுத்தார். சத்தம் அடக்குகிற ஷீட் ஒரு சுருளையும் ஜக்கையன் இனாமாகப் பிடுங்கிக்கொண்டான். ஒரு பக்கம் வெள்ளித்தாள், மறுபக்கம் பசை. வழி நெடுக, "முக்கால் அடி அடிச்சு இறக்கினேன் பாத்தியா" என்று மாயியின் தொடையில் தட்டிக்கொண்டே வந்தான்.

ஜக்கையன் வீட்டு வாசலில் பவுன்ராசு கூரையோடு வந்த குறிப்புத் தாளை விரித்தான்.

"கண்ணாடியில் கைரேகை படக் கூடாது."

மூவரும் உடனே கையை மடக்கிக்கொண்டு முழங்கையால் கூரையைத் தூக்கினார்கள். இரண்டு தடவை அது ஒச்சுவின் கால்மேல் இறங்கியது. கண்ணாடியில் ஒரு ரேகை இல்லை.

"நாலு மூலைக்கு நாலு பேர் பிடித்து மெதுவாக இறக்கவும்."

"நாலா?" என்றான் ஜக்கையன். "கம்பெனிக்காரன் நாலுன்னா மூணுன்னு அர்த்தம். மூணு மூலை போதும்."

மூன்று மூலை மெதுவாக இறங்கியது. நாலாவது தானே இறங்கியது.

"நாலாவது மூலைக்கும் ஆள் இருக்குண்ணே" என்று ஒச்சுவின் குரல் அடியிலிருந்து வந்தது. "நான்தான் தலையில வாங்கியிருக்கேன்."

உட்கார்ந்த கூரையைப் பார்த்தார்கள். பின்னால் முக்கால் அடி வானம் தெரிந்தது.

"கூரை குட்டையா இருக்கே மச்சான்" என்றான் மாயி.

"கூரை சரியாத்தான்டா இருக்கு. ஆறேகால், நான் பேசி முடிச்சது. ஜீப்புதான் கூட இருக்கு."

"அந்த இடைவெளியை முன்னால விட்டா நீங்க நனைவீங்க. பின்னால விட்டா மேடம் நனைவாங்க." மாயி ஆழத்துக்குப் போய்விட்டு வந்தான். "நடுவுல விட்டா யாரும் நனைய மாட்டாங்க."

"கூரை ஒரே துண்டா இருக்கேடா."

"அதைத்தான் நானும் யோசிச்சேன். அதுக்கு மேல வரல."

கடைசியில் இடைவெளி பின்னாலேயே இருக்கட்டும், அதை ஒச்சு முதுகு கொடுத்து அடைத்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. ஒச்சுவின் முதுகு சரியாக முக்கால் அடிக்கு வந்தது. ஆண்டவன் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்று பவுன்ராசு சொன்னான். அது தாளில் இல்லை, அவன் சொந்தச் சரக்கு.

தாளில் எட்டு போல்ட் என்றிருந்தது. ஜக்கையன் அஞ்சுக்கு முடித்தான். கூரை விளிம்புப் பசை காய இருபத்துநாலு மணி நேரம் என்றிருந்தது. "பசையோட நான் பேசிக்கிறேன்" என்று மூன்று மணி நேரத்தில் வண்டியை எடுத்தான்.

தெரு முனை வரைக்கும் போயிருப்பார்கள். அஞ்சு போல்ட்டும் இல்லாத மூன்று போல்ட்டைத் தேடி அழுதன. கூரை தடதட என்றது, கண்ணாடி கிணிகிணி என்றது. ஒச்சுவின் முதுகுக்கு இரண்டு பக்கமும் காற்று புகுந்து, ஆலைச் சங்கு ஊதியது. மேலே கருவேல மரத்திலிருந்த காக்கைகள் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தன.

அன்று புதன்கிழமை. ஜக்கையன் பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, கொடுத்த கூரையைப் பற்றியும் அவர் வம்சத்தைப் பற்றியும் பேசினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒண்ணொண்ணா இறக்கிட்டு ஓட்டிப் பாருங்கண்ணே. எதை இறக்கினதும் சத்தம் நிக்குதோ, அதுதான் காரணம். அதுல ஷீட்டை ஒட்டிருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஊர் மைதானத்தில் ஆரம்பித்தார்கள். ஸ்டெப்னியை இறக்கி ஓட்டினார்கள், சத்தம் இருந்தது. கதவு இரண்டையும் இறக்கினார்கள், இருந்தது. பின் சீட்டு, பம்பர், கண்ணாடி, டேஷ்போர்டில் இருந்த சாமி படம் எல்லாம் இறங்கின. கூரையையும் இறக்கினார்கள். சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் நிற்கவில்லை.

"நின்னாத்தான் காரணம்னு சொன்னாரு. குறைஞ்சா சொல்லல" என்றான் பவுன்ராசு. கூரை விடுதலை ஆயிற்று.

இறக்குவதற்கு வண்டியில் சாமான் எதுவும் மிச்சமில்லை.

"நாம இருக்கோமே" என்றான் மாயி.

மாயி இறங்கினான். சத்தம் இருந்தது. பவுன்ராசு இறங்கினான், இருந்தது. ஒச்சு இறங்கியபோது வண்டி அரையடி மேலே வந்தது, சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. மூவரும் ஓரமாக நின்று பார்க்க, ஜக்கையன் தனியாக ஒரு சுற்று வந்து, வண்டியை நிறுத்தி, சாவியைத் திருகிவிட்டு இறங்கினான்.

அமைதி. அப்படி ஓர் அமைதி. எங்கோ ஒரு செம்போத்து கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது.

மூவரும் ஜக்கையனைப் பார்த்தார்கள்.

"என்னடா பாக்குறீங்க?"

"மச்சான்..." மாயி தொண்டையைச் செருமினான். "வருத்தப்படாதீங்க. சத்தம் நீங்கதான்."

"யாருடா சத்தம்? எவன்டா சத்தம்? செருப்பு பிஞ்சிரும்!" என்று ஜக்கையன் கத்திய கத்தலில் செம்போத்து பறந்துபோயிற்று.

"பறவையே சாட்சி சொல்லிருச்சுண்ணே" என்றான் ஒச்சு.

"ஏறி இன்னொரு தடவை பாத்துருவோம்" என்றான் பவுன்ராசு. ஜக்கையன் ஏறி வண்டியை எடுத்தான், சத்தம் வந்தது. நிறுத்தி இறங்கினான், நின்றது. மூன்று தடவை பார்த்தார்கள். மூன்று தடவையும் அதே கதை. ஜக்கையனுக்கே வேர்த்துவிட்டது. ஆனால் முதலில் சொன்ன எண்ணை ஒத்துக்கொள்கிற ஆளா அவன்?

"முழுச் சத்தமும் நான்னு ஒத்துக்க முடியாது. கால் பங்கு நான்."

"முக்காலாவது இருக்கும்ண்ணே" என்றான் ஒச்சு.

"இந்தா பாரு, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். பாதி!"

பாதிக்கு முடிந்தது. மிச்சப் பாதி யார் என்று கேட்டான் மாயி. அது தானாக வெளியே வரும், இப்போதைக்கு ஷீட்டில் பாதியை எடுத்துவைத்துவிடலாம் என்றார்கள்.

பிறகு, எந்தப் பாதியில் ஒட்டுவது என்று ஒரு பஞ்சாயத்து. வலதா, இடதா? வாய் மேல் பாதியில் இருப்பதால் மேல் பாதிக்கே ஒட்டினார்கள். இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை வெள்ளித்தாள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வாய்க்கும் ஒன்று, ஏனென்றால் "நாளைக்கு மேடம்கிட்ட வாடகை பேசணும்டா." கூரையைத் திரும்ப மாட்டும்போது மூன்று போல்ட்தான் கைக்குக் கிடைத்தது. குற்றவாளி பிடிபட்ட பிறகு போல்ட்டை யார் தேடுவார்கள்?

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மைக், ஹெட்போன் சகிதம் மேடம் வந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் புரோட்டா பார்சல் மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"யாரது?"

"நான்தான் மேடம், ஜக்கையன். சத்தத்துக்கு ஷீட் ஒட்டியாச்சு."

"வண்டிக்கு?"

"வண்டி மேல தப்பில்லைங்க. டெஸ்ட் பண்ணிட்டோம்."

மேடம் ஏறியே விட்டார். அதைத் துணிச்சல் என்பதா, ஆராய்ச்சி ஆர்வம் என்பதா தெரியவில்லை. ஒச்சு முதுகைப் பொருத்திக்கொண்டான். மாயியும் பவுன்ராசும் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது. மூன்று போல்ட், ஆறேகால் அடிக் கூரை, ஆலைச் சங்கு. ஹெட்போனில் அது என்னவாகக் கேட்டதோ, மேடம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறினார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!"

ஜக்கையன் நிறுத்தினான். மரியாதைக்காக என்ஜினையும் அணைத்தான். மேடம் குதித்து இறங்கினார்.

அமைதி. செம்போத்து திரும்பி வந்து கூப்பிட்டது.

படை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பவுன்ராசுவின் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"மச்சான்," என்றான் மாயி மெல்ல, "மிச்சப் பாதி கிடைச்சிருச்சு."

ஜக்கையன் இறங்கி, எடுத்துவைத்திருந்த ஷீட்டை எடுத்துக்கொண்டு பணிவாக மேடத்திடம் போனான். "எங்க வீட்டுப் பொம்பளையா நினைச்சு சொல்றேன் மேடம், மனசுல வச்சுக்காதீங்க. எனக்கும் முதல்ல கோபம்தான் வந்துச்சு. கையை மட்டும் கொஞ்சம் தூக்குங்க, ஒட்டிருவோம்."

மேடம் கையைத் தூக்கவில்லை, காலைத் தூக்கினார். மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டம் முக்கில் நின்றிருந்த தவமணி ஜீப்பில் போய்த்தான் நின்றது. தவமணி பல்லைக் காட்டிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான். மூன்று மாத வாடகை உள்ளே ஏறி உட்கார்ந்தது.

தவமணி சாவியைத் திருகினான். பதினாறு வருசத்து என்ஜின் கனைத்து, இருமி, ஊரே கேட்கும்படி உறுமிக்கொண்டு மலையேறியது.

நாலு பேரும் கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

"அண்ணே! அவங்க ஏறின உடனே அவன் வண்டியில சத்தம் வந்துருச்சு!" என்றான் ஒச்சு.

"நம்ம சத்தம்டா அது!" ஜக்கையனின் வெள்ளித்தாள் முகம் வெயிலில் மினுங்கியது. "காலணா கொடுக்காம அவன் தலையில கட்டிவிட்டேன் பாத்தியா! இனி விக்கிறியாண்ணேன்னு வந்து பல்லைக் காட்டட்டும்!"

மாயி ஆழத்துக்குப் போய்விட்டுக் கவலையோடு வந்தான். "மச்சான், அவனும் லேசுப்பட்ட ஆள் இல்ல. சத்தத்தைத் திருப்பி எடுத்துக்கங்கன்னு நாளைக்கே வந்து நிப்பானே?"

"வரட்டுமே!" என்றான் ஜக்கையன். "முழுசா எடுத்துக்கன்னுதான் ஆரம்பிப்பான். கால் பங்குக்கு மேல ஒரு துளி எடுக்க மாட்டேன்."