கட்டிலோடு போன எறும்புகள்

கொல்லிமலைச் சரிவில் அடைமழை பிடித்தால் காட்டு எறும்பெல்லாம் வீடுகளுக்குக் குடிவந்துவிடும். அந்த வருஷம் அவை ஊர் நிலமெல்லாம் கையில் வைத்திருந்த மிட்டாதார் சிங்காரவேலுவின் படுக்கையறையைப் பிடித்துக்கொண்டன. மிட்டாதாரோ விரதம் இருந்து, இனிப்பைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தவர்.

வேலைக்காரி குஞ்சாயியைக் கூப்பிட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள வீட்டுல ஒரு எறும்பு இருக்கக் கூடாது. விரத நேரம், ஒண்ணைக்கூடக் கொல்லவும் கூடாது. முடியலேன்னா வேலையை விட்டுப் போயிரு!"

குஞ்சாயி உடனே வேலையில் இறங்கினாள். மஞ்சள்தூள் தூவினாள், எறும்புகள் சுற்றிக்கொண்டு போயின. வேப்பெண்ணெய் தடவினாள், சுவரேறிப் போயின. எறும்புச் சாரை எங்கேதான் போகிறது என்று பின்னாலேயே போனவள், மிட்டாதார் மத்தியானத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த கட்டிலருகே நின்றாள். தலைமாட்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாலு ஆட்களைக் கூட்டிவந்து, குறட்டை கலையாமல் அவரைக் கட்டிலோடு தூக்கி மாட்டுக்கொட்டகையில் வைத்தாள். எறும்புகளும் ஊர்வலமாகப் பின்னாலேயே போயின.

மாடு முகத்தை நக்க, மிட்டாதார் விழித்துக்கொண்டார். "என்னடி இது?"

"வீட்டுல ஒரு எறும்பு இல்லீங்க. ஒண்ணுகூடச் சாகலை. அதுங்க வீட்டைத் தேடி வரலீங்க, உங்க தலகாணியைத் தேடி வந்திருக்குதுங்க."

மிட்டாதாரின் மனைவி வந்து தலையணையை உதறினார். பாதி கடித்த அதிரசங்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்கள்.

"கட்டிலை உள்ளே தூக்குங்கடா!" என்று கத்தினார் மிட்டாதார்.

"வேண்டாம்ப்பா. விரதம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொட்டகையில் மிட்டாதாரும் எறும்புகளும் மாடும் மட்டும்தான். அதிரசம் கிடைத்தது மாட்டுக்கு.