அடித்தல் திருத்தல்

ஒரு துணிப்பைக்குள் இரண்டு ஏடுகள் குடியிருந்தன. ஒன்று தடியானது, அதன் பெயர் பாடத்திட்ட ஏடு. மற்றது மெலிந்தது, அதன் பெயர் அனுபவக் குறிப்பேடு. பைக்குச் சொந்தக்காரி இசக்கிராணி. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறவள். ஓர் அரசுப் பள்ளியின் ஏழாம் வகுப்புக்கு நாற்பது நாள் கணக்குப் பாடம் நடத்திவிட்டு வரும்படி கல்லூரி அவளை அனுப்பியிருந்தது.

இரண்டு ஏடுகளுக்கும் வேலை வேறு. நாளைக்கு என்ன நடத்தப்போகிறாள் என்பதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது தடியனின் வேலை. வகுப்பு முடிந்த பிறகு, உள்ளே என்ன நடந்தது, அதிலிருந்து அவள் என்ன கற்றுக்கொண்டாள் என்று கேட்டு வைத்துக்கொள்வது மெலிந்ததன் வேலை. நாற்பது நாளுக்கு நாற்பது பக்கம். கடைசியில் கல்லூரி முத்திரை விழும். முத்திரை விழுந்த பிறகு ஓர் எழுத்துகூடச் சேர்க்க முடியாது.

"அண்ணாச்சி, எனக்கு எப்போ எழுதுவாங்க?" என்று குறிப்பேடு நச்சரித்துக்கொண்டே இருக்கும்.

"பொறுலே. நான் முந்தி, நீ பிந்தி. வகுப்பே இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குள்ள உனக்கு என்னத்த எழுத?"

குறிப்பேடு பொறுத்தது. அதற்கு இருந்தது ஒரே ஆசை. நடந்ததை நடந்தபடி யாராவது தன்னிடம் சொல்ல வேண்டும். நாற்பது பக்கமும் வேண்டாம், ஒரு பக்கமாவது.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை. விடுதி வராந்தாவில் ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு பழைய குறிப்பேடு மல்லாந்து கிடந்தது. அட்டையில் எண்ணெய்க் கறை, முதுகில் பிளாஸ்திரி. ஐந்து வருஷமாகக் கைமாறிக் கைமாறி வருவது. இசக்கிராணியின் தோழி ஜெனிட்டா அதைப் பார்த்து வாய்விட்டு வாசித்தாள். மற்ற ஐந்து பேரும் எழுதினார்கள். வாசிக்கிற நேரம் போக அவளும் எழுதினாள்.

"மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். எழுதியாச்சா? அடுத்தது. கரும்பலகையைத் திறம்படப் பயன்படுத்தினேன். ஏட்டி இசக்கி, பார்த்து எழுது. அடித்தல் திருத்தல் இருந்தா மார்க்கு போயிரும். சுத்தத்துக்கு மட்டும் பத்து மார்க்கு."

குறிப்பேடு திகைத்துப்போனது.

"ஐயா, இன்னும் வகுப்பே நடக்கலையே?" என்று பழைய குறிப்பேட்டிடம் கேட்டது.

"அதனால என்ன? நடக்கும்போது நடக்கும்."

"ஒருவேளை ஆர்வமா பங்கேற்கலன்னா?"

"எழுதினது எழுதினதுதான் தம்பி. அஞ்சு வருஷமா என் பிள்ளைகள் ஒருத்தர்கூட ஆர்வம் குறைஞ்சதில்ல. காய்ச்சல்ல படுத்ததில்ல. வெளிய எட்டிப் பார்த்ததுகூட இல்ல. அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்க கிடைக்கும், சொல்லு பார்ப்போம்."

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நாற்பது பக்கமும் நிரம்பிவிட்டன. தேதிகள்கூடப் போட்டாகிவிட்டது. நீலப் பேனா விரல் வீங்கியவன்போல முனகிக்கொண்டு மூடிக்குள் போனது. கடைசிப் பக்கத்துக் கடைசி வரியில் மை காயும்போது, ஒரு நாளும் வாழாமலே வயதாகிவிட்டதுபோல் குறிப்பேட்டுக்கு இருந்தது.

மறுநாள் முதல் இசக்கிராணி வகுப்புக்குப் போனாள். பாடத்திட்ட ஏடு மேசைமேல் விரிந்து கிடக்கும். குறிப்பேடு பைக்குள்ளேயே இருக்கும். பையின் ஓரத்தில் ஒரு சார்ட் சுருட்டி நின்றது. நாலு பக்கமும் தங்க நிற ஜரிகை ஒட்டி, பின்னங்களைப் பற்றிப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை அது. மேற்பார்வைக்குக் கல்லூரியிலிருந்து யாராவது வரும் நாளில் மட்டும்தான் விரியும்.

பதினான்காம் நாள் விடாத மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். விடுதி அறையில் சும்மா கிடந்த பாடத்திட்ட ஏட்டுக்குப் பொழுது போகவில்லை.

"தம்பி, உன் பதினாலாம் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

குறிப்பேடு முனகியது: "மாணவர்கள் உற்சாகமாகக் கைதூக்கிப் பதிலளித்தனர்."

"பூட்டுன பள்ளிக்கூடத்துலயா?" சார்ட் ஜரிகை குலுங்கச் சிரித்தது. "பெஞ்சு கைதூக்கிச்சோ?"

இசக்கிராணியும் அந்தப் பக்கத்தைக் கவனித்தாள். பேனாவை எடுத்தாள். அடித்தால் மார்க்கு போகும் என்று நினைவு வரவே, எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

பதினெட்டாம் நாள் அவள் பின்னங்களின் கூட்டல் நடத்தினாள். பலகை நிறைய எழுதினாள், சத்தமாக விளக்கினாள். முடித்துவிட்டு, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"புரிஞ்சுது டீச்சர்ர்ர்!" என்றது வகுப்பு. முப்பத்து நாலு குரலும் ஒரே குரலாக வந்தன.

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஐந்து கணக்குகளை வீட்டுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் முப்பத்து நாலு கணக்கு நோட்டுகளும் மேசைமேல் வந்து அடுக்கில் உட்கார்ந்தன. பையும் மேசை விளிம்பில்தான் இருந்தது. இசக்கிராணி வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நோட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் குறிப்பேடு கேட்டது.

"உனக்கு நாலாவது கணக்குக்கு என்ன விடை?"

"எட்டில் மூணு."

"எனக்கும் அதேதான். உனக்கு?"

"எட்டில் மூணுதான். எப்படி வந்துச்சுன்னு மட்டும் கேட்காத. என்னைய பஸ்ஸுல மடியில வச்சு எழுதினான். பாதி கோடு பக்கத்து சீட்டு அண்ணன் வேட்டியில இருக்கு."

"என்னைய பிரேயர்ல வச்சு. ஒரு கண்ணு மூடி, ஒரு கண்ணு திறந்து."

"உங்க யாருக்குமே புரியலையா?" என்று பைக்குள்ளிருந்து குறிப்பேடு கேட்டது.

அடியில் கிடந்த ஒரு நோட்டு மெல்லச் சொன்னது: "புரிஞ்சுதுன்னு சொன்னாத்தான வெளிய விடுவாங்க?"

இசக்கிராணி சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள். பலகையில் அவள் கொடுத்த நாலாவது கணக்கு, நான்கில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்டுவது. விடை பன்னிரண்டில் ஐந்து வர வேண்டும். முதல் நோட்டில் எட்டில் மூன்று. இரண்டாவதிலும் எட்டில் மூன்று. பத்தாவது நோட்டைத் திறக்கும்போது அவள் காது சிவந்துவிட்டது. இருபத்தோராவது நோட்டு பேச்சித்தாய் என்ற பெண்ணுடையது. அதில்தான் விஷயம் பிடிபட்டது. பலகையைப் பார்த்து எழுதும்போது பேச்சித்தாய் ஆறை எட்டு என்று எழுதியிருந்தாள். தப்பாக எழுதிய கணக்கைச் சரியாகவே போட்டு எட்டில் மூன்று என்று முடித்திருந்தாள். மற்ற முப்பத்து மூன்று பேரும் கேள்வியைப் பலகையிலிருந்தும் விடையைப் பேச்சித்தாயிடமிருந்தும் எடுத்திருந்தார்கள்.

"எல்லாரும் எந்திரிங்க!" என்றாள் இசக்கிராணி.

பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

"நேத்து புரிஞ்சுதுன்னு சொன்னீங்கள்ல? என்னைப் பார்த்தா கேனச்சி மாதிரி இருக்கா? மாரிக்கனி, இங்க வா. இந்த நோட்டெல்லாம் எடுத்துக்கோ. ஹெட்மாஸ்டர்கிட்ட போவோம்."

மாரிக்கனி முன்வரிசைக்காரி. நோட்டு கைமாறுகிற வேலையெல்லாம் அவள் வழியாகத்தான் நடக்கும். தலையைக் குனிந்துகொண்டு மேசைக்கு வந்தாள்.

பைக்குள் குறிப்பேடு பதறியது. "அண்ணாச்சி, என்னைய வெளிய தள்ளுங்க!"

பாடத்திட்ட ஏடு மேசைமேல் பையை ஒட்டித்தான் கிடந்தது. "எதுக்குலே?"

"அந்தப் பிள்ளைகள் செஞ்சதத்தான் நானும் செஞ்சிருக்கேன். அதுக்காக அவங்க மட்டும் போய் நிக்கணுமா?"

"நீ வெளிய விழுந்தா உன் மானம் போயிரும். இந்தப் பிள்ளைக்கு மார்க்கும் போயிரும். யோசிச்சுக்கோ."

"என் உடம்புல ஒரு பக்கமாவது நிஜம் இருக்கட்டும். முத்திரை விழுந்துட்டா அப்புறம் முடியாது அண்ணாச்சி."

தடியன் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு தன் கனத்தையெல்லாம் சேர்த்து ஒரு பக்கமாகச் சரிந்தது. பை மேசை விளிம்பிலிருந்து சரிந்து கவிழ்ந்தது. குறிப்பேடு தரையில் விழுந்து, மாரிக்கனியின் காலடியில், பதினெட்டாம் பக்கத்தைக் காட்டி விரிந்தது.

மாரிக்கனி குனிந்து எடுத்தாள். பார்த்ததை வாசிக்கிற வயது. வாசித்துவிட்டாள்.

"இன்றைய பாடத்தை மாணவர்கள் அனைவரும் தெளிவாகப் புரிந்துகொண்டனர்."

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். மாரிக்கனி இன்னும் நாலைந்து பக்கங்களைப் புரட்டினாள். அவள் முகத்தில் கேலி இல்லை. தொழில் தெரிந்தவள் இன்னொருத்தியின் தொழிலைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

"டீச்சர், நீங்க இத யாரைப் பார்த்து எழுதினீங்க?"

இசக்கிராணி குறிப்பேட்டுக்குக் கை நீட்டினாள். "யார் சொன்னா பார்த்து எழுதினேன்னு?"

"ஒரு அடித்தல்கூட இல்லையே டீச்சர். சொந்தமா எழுதினா எங்கயாவது தப்பு வருமே."

இசக்கிராணி குறிப்பேட்டைக் கையில் வாங்கினாள். முப்பத்து நாலு பேரும் நின்றபடி அவளையே பார்த்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் உட்காருங்க," என்றாள். பிறகு, "நானும் பார்த்துத்தான் எழுதினேன்," என்றாள்.

சிவப்புப் பேனா இன்னும் அவள் விரலில்தான் இருந்தது. பிறர் நோட்டில் மட்டுமே நடந்து பழகிய பேனா அது. பதினெட்டாம் பக்கத்தின் குறுக்கே, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அவள் கோடு இழுத்தபோது, "இந்தப் பக்கம் எனக்கு வழியே தெரியாதே!" என்று அது கிறீச்சிட்டது. குறிப்பேட்டுக்கு வலித்தது. முள் எடுக்கும்போது வலிக்குமே, அந்த மாதிரி.

ஓரத்தில் கிடைத்த இடத்தில் அவள் எழுதினாள்: 'ஒருத்திக்குப் புரிந்திருக்கிறது. முப்பத்து மூன்று பேருக்குப் புரியவில்லை. புரிந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்று மட்டும் சொல்ல முடிகிற மாதிரி கேட்டிருக்கிறேன்.'

பிறகு நிமிர்ந்து, "எந்த இடத்துல புரியாம விட்டீங்க?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மாரிக்கனிதான் பாதிக் கை தூக்கினாள்.

"கீழ இருக்கிற நம்பரை அப்படியே கூட்டுனா என்ன டீச்சர்? மேல இருக்கிறத மட்டும் கூட்டுறோம்ல?"

இசக்கிராணி வாயைத் திறந்தாள். விதி வந்தது, காரணம் வரவில்லை. அவள் படித்த காலத்தில் அவளும் புரிந்தது என்று சொல்லித்தான் வெளியே வந்திருந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சார்ட்டை உருவினாள்.

"ஐயையோ, இன்னிக்கு மேற்பார்வைக்கு யாரும் வரலையே!" என்று சார்ட் அலறியது. அலற அலற அதை நீளத் துண்டுகளாகக் கிழித்தாள். ஒரு துண்டை நாலாக மடித்தாள், ஒன்றை ஆறாக மடித்தாள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பிள்ளைகள் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். மடித்தார்கள், பிரித்தார்கள், சண்டை போட்டார்கள். ஒருவழியாகப் பன்னிரண்டாக மடித்ததில் இரண்டும் பொருந்தின. ஜரிகை கசங்கிப்போன சார்ட், "இவ்வளவு கை என்மேல பட்டதே இல்ல," என்றது. அதில் வருத்தம் அவ்வளவாக இல்லை.

மணி அடித்தபோது பதினாறு பேருக்குப் புரிந்திருந்தது. மற்றவர்கள் புரியவில்லை என்று சொல்லிவிட்டே வெளியே போனார்கள்.

அன்றிலிருந்து இசக்கிராணி ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் குறிப்பேட்டைத் திறந்தாள். எழுதியிருந்ததன் மேல் கோடு போட்டாள். இடம் போதாதபோது தாள் ஒட்டினாள். குறிப்பேடு ஒருபக்கம் வீங்கிக் கோணியது. பசை காய்ந்து மொடமொடத்தது. பதினான்காம் பக்கத்தில், 'மழை. பள்ளி இல்லை,' என்று இருந்தது.

"கிறுக்காட்டி உனக்கு?" என்றாள் ஜெனிட்டா. "உன் நோட்ட முந்தானையில மறைச்சு வச்சுத்தான் கொடுக்கணும்."

நாற்பது நாள் முடிந்தது. கல்லூரி மேசையில் ஆறு குறிப்பேடுகள் வரிசையாகக் கிடந்தன. விரிவுரையாளர் ஐந்தை வேகமாகப் புரட்டினார். ஆறாவதைப் புரட்ட முடியவில்லை, பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. முகம் சுளித்து, முதல் பக்கத்தில், 'அடித்தல் திருத்தல் மிகுதி. சுத்தம்: பத்துக்கு ஒன்று,' என்று எழுதிவிட்டு எழுந்து போனார். உதவியாளர் வந்து ஒன்றன்பின் ஒன்றாக முத்திரை குத்தினார்.

மற்ற ஐந்து குறிப்பேடுகளும் விலகிப் படுத்தன.

"என்ன இது கோலம்? கோழி கிளறின மாதிரி? நாங்களும் உன்னோடதான் பிறந்தோம். எங்களப் பாரு, ஒரு கோடு உண்டா, ஒரு கறை உண்டா? அப்படி எங்கதான் போய் விழுந்து புரண்டுட்டு வந்த?"

முத்திரையின் ஈரம் காயட்டும் என்று குறிப்பேடு காத்திருந்தது. பிறகு சொன்னது:

"நான் வகுப்புக்குப் போயிருந்தேன்."