செங்கமலம் வைத்த சூப்

மலேசியாவின் ஈப்போ நகரில் செங்கமலம் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இருந்தார். அவருக்குத் தியானம் கற்றுக்கொடுத்தவர் லின் என்ற சீனப் பெண். ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் லின்னுக்குத் தமிழ் நன்றாக வரும். வயதில் இளையவர்தான். ஆனாலும் செங்கமலம் அவரைக் குரு என்றே கூப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லின்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார்.

"அமுதன் மத்தியானம் வர்றான், குருவே. பொண்டாட்டியோட."

மகன் அமுதன் யாரிடமும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருந்தான். செய்தி கேட்டுச் செங்கமலம் போட்ட சத்தத்தில் போனை வைத்தவன், இப்போதுதான் வருகிறான். மருமகள் ஹுய் மின் சீனப் பெண், சைவம். வெங்காயம், பூண்டுகூடத் தொடமாட்டாள்.

"அவளுக்குப் பிடிச்ச டம்ப்ளிங் சூப் வைக்கணும். அதோட, எனக்குக் கோபமே வராம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

"முதல்ல மாவு பிசைவோம், அக்கா."

முட்டைக்கோஸையும் காளானையும் பொடியாக நறுக்கி, இஞ்சி சேர்த்து வதக்கினார்கள். மாவை வட்டமாகத் தேய்த்து, பூரணத்தை வைத்து மூடி டம்ப்ளிங் பிடித்தார்கள். செங்கமலம் மூடியவை அச்சு அசல் சோமாசி. லின்னுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் நுரை விறுவிறுவென்று ஏறியது. செங்கமலம் பதறி அடுப்பை அணைத்தார்.

லின் மறுபடி பற்றவைத்தார். நுரை ஏறியபோது ஒரு குவளை பச்சைத் தண்ணீர் ஊற்றினார். அடங்கியது. திரும்பவும் பொங்கியது. திரும்பவும் ஊற்றினார்.

"எதுக்கு இந்தப் பாடு? அணைச்சிட்டா பொங்காதே?"

"பொங்காது. வேகவும் வேகாது."

"எப்படியோ போகட்டும். இன்னிக்கு நான் வாயே திறக்கப் போறதில்ல, குருவே. அதுதான் நல்லது."

லின் வெந்ததை அள்ளிக் காளான் சூப்பில் போட்டார்.

மத்தியானம் அமுதனும் ஹுய் மின்னும் வந்தார்கள். செங்கமலம் புன்னகையோடு பரிமாறினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"எப்படி இருக்கீங்கம்மா?" என்றான் அமுதன்.

தலையாட்டினார்.

ஹுய் மின் கிண்ணத்தைத் தொடவே இல்லை. "அம்மாவுக்கு இன்னும் கோபம்," என்று கணவனிடம் மலாயில் முணுமுணுத்தாள்.

அமுதன் எழுந்தான். "நாங்க கிளம்புறோம்மா."

செங்கமலத்தின் முகம் சிவந்தது. லின்னைப் பார்த்தார். லின் தன் பாட்டுக்குச் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

செங்கமலம் விருட்டென்று சமையலறைக்குப் போனார். ஒரு குவளை தண்ணீரை மடமடவென்று குடித்தார். திரும்பி வந்தார்.

"உட்காருடா. கோபம்தான். இல்லாம இருக்குமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பட்டுப் புடவை கட்டிக்கிட்டு முதல் ஆளா வந்து நின்னிருப்பேனே! என் மருமக கழுத்துல மாலை விழறதை நான் பார்க்க வேணாமா?"

அமுதன் அதை மனைவிக்கு மலாயில் சொல்லத் தொடங்கி, பாதியில் குரல் உடைந்து நின்றான். மீதியை லின் சொன்னார்.

ஹுய் மின் எழுந்து வந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் புடவையை இப்பக் கட்டுங்கம்மா. போட்டோ எடுக்கலாம்," என்றாள் மலாயில்.

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "முதல்ல சாப்பிடு. ஆறிப்போகுது."

அவர்கள் போன பிறகு, செங்கமலம் பட்டுப் புடவையோடு கிண்ணங்களைக் கழுவினார்.

"கோபப்படக் கூடாதுன்னு இருந்தேன், குருவே. பட்டுட்டேன்."

"நல்லா இருந்துச்சு, அக்கா."

"சூப்பா?"

"இல்ல, கோபம்."