தோலைத் தைப்பவன்

"தாயே, பெருமாள் என்னை ஏன் வேண்டாம்கிறார்?" என்று கேட்டார் நல்லபெருமாள்.

வகுளாம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முப்பத்தேழு வயது. ஆற்றங்கரை மடத்துக்கு அவர்தான் குரு. கேட்டவருக்கு அறுபத்திரண்டு.

"வேண்டாம்னு உங்ககிட்ட வந்து சொன்னாரா?"

"உடம்புல எழுதிக் காட்டறார்."

சட்டைக் கையைச் சுருட்டினார். வலது முழங்கையில் ஏழு கொப்புளம். இடது முழங்கையில் ஆறு. வேட்டியை முழங்கால்வரை தூக்கினார். அங்கே சொறிந்து சொறிந்து எண்ண முடியாமல் போயிருந்தது.

"ஏகாதசி கழிஞ்சு மூணாம் நாள் அரிப்பு எடுக்குது தாயே. எட்டு ஏகாதசி ஆச்சு. எட்டு தடவையும் வந்துடுச்சு."

"சடகோபன் என்ன சொல்றார்?"

சடகோபன் மடைப்பள்ளியைக் கவனிப்பவர்.

"விரதத்துல மனசு சுத்தமில்லாதவனுக்குத்தான் இப்படிப் பொங்குமாம். பந்தியில உட்காராதே, கைகழுவுற தொட்டிப் பக்கம் போன்னுட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

முப்பத்தெட்டு வருஷம் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டவர் நல்லபெருமாள். இன்னும் அரை மணி ஓடட்டும் என்று யார் வந்து சொன்னாலும் சரி என்பார். போட்ட நேரம், நிறுத்திய நேரம் இரண்டையும் நோட்டில் எழுதுவார். வேலை முடிந்த பிறகு தனக்கென்று அவர் கேட்டது ஒன்றுதான். காதில் ஒரு மந்திரம்.

மடத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. பன்னிரண்டு ஏகாதசி விரதம் இருக்க வேண்டும். பன்னிரண்டாவது ஏகாதசியில், குரு தன் கையால் தருவதைத் தின்ன வேண்டும். அதன் பிறகுதான் மந்திரம்.

"நோட்டு இருக்கா?" என்று கேட்டார் வகுளாம்மை.

"இருக்கு தாயே."

"எண்ணுங்க."

"எதை?"

"பாவத்தைத்தான்."

நல்லபெருமாள் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டார். கொப்புளம். கெட்ட நினைப்பு. சாப்பாடு.

இரண்டு ஏகாதசி போனதும் நோட்டோடு வந்தார்.

"படிங்க."

அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"மற்ற நாள்ல சடகோபனை மனசுக்குள்ள திட்டினது பதினேழு. அவர் இலையில விழுற பெரிய வடையைப் பார்த்து ஏங்கினது நாலு."

"ஏகாதசியில?"

"பூஜ்யம். ரெண்டு ஏகாதசியிலயும் பூஜ்யம். நாள் முழுக்க நாமம்தான் சொல்லிட்டிருந்தேன்."

"அப்போ திட்டின நாளுக்குக் கொப்புளம் இல்லை. நாமம் சொன்ன நாளுக்கு உண்டு."

"ஆமா தாயே. அதான் எனக்குப் புரியலை."

"மூணாவது கட்டம்?"

"மற்ற நாள்ல சோறு. ஏகாதசியில அரிசி ஆகாதே. கோதுமை ரவை உப்புமா, கோதுமைக் கஞ்சி..."

நல்லபெருமாள் நிறுத்தினார். நோட்டைத் தூரத் தள்ளிப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

வகுளாம்மை கீரைக் காம்பை ஒடித்து முறத்தில் போட்டார்.

"டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒன்பதே கால் பஸ்," என்றார்.

தோல் டாக்டர் நோட்டை முழுசாகப் படித்தார். பதினேழு என்ற இடத்தில் சிரித்தார். பிறகு கொப்புளத்துக்குப் பக்கத்தில், பார்க்க நன்றாக இருந்த தோலில், மிளகளவு வெட்டி எடுத்தார்.

"நல்ல தோலை ஏன் சார் வெட்டறீங்க?"

"சண்டை அங்கேதான் தெரியும்."

பதினோரு நாள் கழித்துப் போனபோது ஒரு படம் காட்டினார். கறுப்பில் பச்சைப் பொடி தூவினாற்போல இருந்தது.

"தோலோட மேல் அடுக்கை இழுத்துத் தைக்க உள்ள ஒரு நொதி இருக்கு பெரியவரே."

"நொதின்னா?"

"வேலையாள்னு வச்சுக்குங்க. வேலையை முடிச்சுக் கொடுப்பான், தான் தீர்ந்துபோக மாட்டான். தோலைக் கெட்டியாக்கறான், தலைமுடியையும் கெட்டியாக்கறான். நல்லவன்."

"அப்புறம் ஏன் கொப்புளம்?"

"கோதுமையில ஒரு பசை இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு அது ஒண்ணும் செய்யாது. உங்க வயித்துக்கு அது பகையாளி. அதைப் பிடிக்க உங்க உடம்புல கிளம்புன படை, இந்த வேலையாளையும் அதோட கூட்டாளின்னு நினைச்சுடுது. தோல் வரைக்கும் தேடி வந்து அடிக்குது. இந்தப் பச்சையெல்லாம் அந்தப் படைதான்."

"அவன் என்ன தப்பு செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யலை."

"நான்?"

"நீங்களும்தான். மாத்திரை தர்றேன், அரிப்பு அடங்கும். ஆனா கோதுமையை விட்டுடணும். கொஞ்சமா தின்னாப் பரவாயில்லைங்கிற பேச்சே கிடையாது. ஆயுசுக்கும்."

மடத்துக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் வகுளாம்மையிடம் ஒப்பித்தார்.

வகுளாம்மை கேட்டுக்கொண்டார்.

பதினோராவது ஏகாதசிக்கு நல்லபெருமாள் இரண்டு வாழைப்பழம் தின்றார். மூன்றாம் நாள் முழங்கையைத் தடவிப் பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை. நோட்டில் பூஜ்யம் என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

பன்னிரண்டாவது ஏகாதசி வந்தது.

பந்தியில் முப்பத்தொரு இலை. நல்லபெருமாள் தொட்டிப் பக்கம் போகவில்லை. நேராக வந்து முதல் இலையில் உட்கார்ந்தார். சடகோபன் முறைத்தார்.

வகுளாம்மை வந்தார். தாம்பாளத்திலிருந்து ஒரு விள்ளல் எடுத்து நீட்டினார். நெய் வழிந்தது.

கோதுமை அல்வா.

நல்லபெருமாள் அந்தக் கையைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். வகுளாம்மையின் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"வாங்கிக்குங்க."

"மாட்டேன், தாயே."

சடகோபன் கரண்டியோடு வந்து நின்றார்.

"ஓய், அது குரு கை!" என்றார் சடகோபன்.

"கையும் தெரியுது. கையில இருக்கிறதும் தெரியுது."

"நெல்லிக்காய் அளவுதான்," என்றார் வகுளாம்மை.

"கடுகளவும் மாட்டேன்."

"ஆறு மாசம் காத்திருந்தீங்க. ஒரு வாய்க்காக மந்திரத்தை விட்டுடுவீங்களா?"

மந்திரம் நல்லபெருமாளுக்கு வேண்டும். ரொம்ப வேண்டும். முழங்கையை மற்றொரு கையால் பொத்திக்கொண்டார்.

"உள்ள ஒருத்தன் இருக்கான் தாயே. அறுபத்திரண்டு வருஷமா என்னைத் தைச்சு வச்சிருக்கான். ஒரு நாள் லீவு கேட்டதில்லை. எட்டு தடவை, அப்புறம் ரெண்டு தடவை, ஆகப் பத்து தடவை தெரியாம அவனைப் பிடிச்சுக் கொடுத்துட்டேன். தெரிஞ்ச பிறகு கொடுக்க மாட்டேன்."

"எவனைச் சொல்றார் இவர்?" என்று பந்தியில் யாரோ கேட்டார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும். தின்னாதவருக்கு இங்க இலை எதுக்கு? எழுந்திரும் ஓய்! தொட்டிப் பக்கம் போம்!" என்று கரண்டியால் வழி காட்டினார் சடகோபன்.

நல்லபெருமாள் இலையின் நுனியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார்.

"எழுந்திருக்க மாட்டேன்."

"நான் சொன்னா?" என்று கேட்டார் வகுளாம்மை.

"நீங்க சொன்னாலும் மாட்டேன்."

சத்தமாக வந்துவிட்டது. அப்படி ஒரு சத்தம் தன்னிடம் இருந்தது அவருக்கே தெரியாது.

வகுளாம்மை அந்த அல்வாவைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்று விழுங்கினார். கையைக் கழுவிவிட்டு வந்து, நல்லபெருமாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

நல்லபெருமாள் தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டினார்.

வகுளாம்மை குனியவில்லை.

"காதுல சொல்ல என்ன இருக்கு? மாட்டேன்னு நீங்களே இப்ப நாலு தடவை சொல்லிட்டீங்களே."

நல்லபெருமாள் விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். ஒரு முறை எண்ணினார். சரிபார்க்க இன்னொரு முறை எண்ணினார்.

"அஞ்சு, தாயே."